விதைக்கிறவனும் கூலியாளும் கடன்காரனும்
(கரிசல் சீமைக் குடும்பங்களுக்கு ஓர் உவமைப் பாடம்)



ஞாயிறு பூசையில் விதைக்கிறவன் உவமை வாசிக்கத் தொடங்கியதும் கோவிலில் ஒரு சின்ன ஓய்வு உண்டாவதை நாம் பலமுறை கவனித்திருக்கிறோம். பெரியவர்கள் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றிக் கொள்கிறார்கள். தாய்மார் இடுப்பிலிருக்கும் பிள்ளையைச் சரிசெய்து கொள்கிறார்கள். "இது தெரிந்த கதைதானே" என்கிற ஓய்வு அது. வழியோரம், கல்லாந்தரை, முட்புதர், நல்ல நிலம்: நாலும் மனப்பாடம். ஞானோபதேச வகுப்பில் கேட்டால் சின்னஞ்சிறு பிள்ளைகூட மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும்.

ஆனால் உவமையை ஒப்பிப்பது வேறு, உவமைக்குள் அகப்படுவது வேறு. நம் ஆண்டவர் கதை சொன்னது பொழுது போவதற்காக அன்று. கேட்கிறவன் "ஆமாம், ஆமாம்" என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்து, கடைசியில் "ஐயோ, இது என்னைப் பற்றியதல்லவா!" என்று திடுக்கிட வேண்டும்; அதுதான் உவமையின் வேலை. தாவீது இராசாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னபோது, இராசா கோபித்து, அந்த ஆட்டைப் பறித்தவனுக்குத் தீர்ப்பிட்டுவிட்டார். அந்தத் தீர்ப்பு தம்முடைய தலையிலேயே விழுந்ததைப் பிறகுதான் அறிந்தார். நம் ஆண்டவரின் கதைகளும் அந்த வகையே. தீர்ப்புச் சொல்ல அவசரப்படுகிறவன் அகப்பட்டுக் கொள்வான்.

கலிலேயா நாட்டுக் கதை கோவில்பட்டிக் காட்டுக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். நமக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியில் 18-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் பணிபுரிந்த வீரமாமுனிவர், அர்ச். சூசையப்பரின் சரித்திரத்தைத் தேம்பாவணி என்னும் காவியமாக 1726-ல் பாடி முடித்தபோது, யூதேயா தேசத்தைத் தமிழ்நாட்டு வயலும் சோலையுமாகவே பாடி வைத்தார். இத்தாலியில் பிறந்த அவரே அப்படிச் செய்தாரென்றால், இம்மண்ணிலேயே பிறந்த நாம் உவமைகளை நம் மண்ணில் வைத்துப் பார்ப்பதில் தவறென்ன? சோலைக்கும் வயலுக்கும் இங்கே பஞ்சம் என்பது மட்டும்தான் வித்தியாசம். நமக்கு வாய்த்தது கரிசல்.

ஆகவே முதலில் விதைக்கிறவனை எடுத்துக்கொள்வோம். முன்னாளில் இந்தச் சுவிசேஷம் தவக்காலத்துக்கு முன்வரும் அறுபதாம் ஞாயிறன்று, அர்ச். லூக்காஸ் எழுதியபடி வாசிக்கப்பட்டது. 1969-ல் திருச்சபை பூசை வாசகங்களை மாற்றியமைத்த பின், மூன்றாண்டுச் சுற்றின் முதலாண்டில், ஜூலை மாத நடுவில், அர்ச். மத்தேயு எழுதியபடி வாசிக்கப்படுகிறது. ஜூலை நடு என்றால் நமக்கு ஆனி முடிந்து ஆடி பிறக்கும் நேரம். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது பழமொழிதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பியிருக்கும் நம் மானாவாரிக் கரிசலுக்குப் புரட்டாசியே பட்டம். சுவிசேஷம் வாசிக்கப்படும் அந்த ஆடியில் நம் காடு வெறும் புழுதியாகக் கிடக்கும். நாம் விதைக்கப்போவது அதற்கும் இரண்டு மாதம் கழித்துத்தான்.

அதிலும் நம் விதைப்பு ஒரு தனி விதைப்பு. ஆற்றுப் பாசனக்காரன் தண்ணீர் வந்தபின் விதைக்கிறான். நம்மவனோ, மழை வருமுன்னே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறான். மழை தொடங்கிவிட்டால் கரிசல் சேறாகிவிடும். மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. ஆதலால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே கம்பையும் சோளத்தையும் உளுந்தையும் பருத்தியையும் மண்ணுக்குள் போட்டாக வேண்டும். வீட்டிலிருக்கும் கடைசிப் பணம், பல வேளைகளில் வட்டிக்கு வாங்கிய பணம், மண்ணுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. இதை ஒரு வருஷமா இரண்டு வருஷமா, தலைமுறை தலைமுறையாகச் செய்கிறோமே, இதற்கு என்ன பெயர்? விசுவாசம் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா? காட்டில் இத்தனை விசுவாசம் உள்ள நாம், செபத்தில் மட்டும் இன்று விதைத்து நாளைக்கே முளை தேடுகிறோம்.

உவமையின் இரண்டாம் நிலத்தைக் கவனியுங்கள். விதை சீக்கிரமாக முளைத்தது. வெயில் ஏறியதும் கருகிற்று. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. புரட்டாசியில் ஒரு பொய்மழை பெய்யும். நிலம் முக்கால் அங்குலம் நனையும். விதை அதை நம்பி முளைக்கும். பிறகு பதினைந்து நாள் வானம் வெளுத்துக் கிடக்கும். காலையில் பச்சையாக நின்ற பயிர் மறுவாரம் சருகு. பிறகு மறுவிதைப்பு, மறுகடன். தபசு காலத்தில் ஒரு தியானப் பிரசங்கத்தைக் கேட்டு, அழுது, "இனிக் குடிப்பதில்லை" என்று சத்தியம் பண்ணிய மனிதனை நினைத்துப் பாருங்கள். அவன் பொய் சொல்லவில்லை. மெய்யாகவே முளைத்தான். வேர் இறங்க ஈரம் போதவில்லை. அவனை "வேஷக்காரன்" என்று ஏசுகிறவர்கள், கருகின பயிரை வேஷம் என்று ஏசுவார்களா? அவனுக்கு வேண்டியது ஏச்சன்று, இரண்டாம் மழை: பக்கத்து வீட்டார் வந்து உட்கார்ந்து பேசும் பேச்சு, மாலையில் கடைப்பக்கம் போகாமல் கூட வரும் ஒரு துணை, அடுத்த பாவசங்கீர்த்தனம்.

1901-ம் ஆண்டு தொடங்கி நம் ஊரில் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைப் பலரும் அறிவீர்கள். மானாவாரி விதைப்புக்கு வேளாண்மைத் துறையார் சொல்லும் முறைகளில் ஒன்று விதையைக் கடினப்படுத்துவது. விதையை மருந்துக் கரைசலில் ஊறவைத்து, மறுபடி நிழலில் உலர்த்தி, அதன்பின் விதைப்பது. ஒருமுறை நனைந்து ஒருமுறை காய்ந்த விதை வறட்சியைச் சற்றுத் தாங்கும் என்பது கணக்கு. சுவிசேஷத்தில் இல்லாததை உவமையில் சேர்க்க நமக்கு அதிகாரமில்லை. ஆனாலும் ஒருமுறை விழுந்து எழுந்தவன் ஒருமுறையும் விழாதவனைவிடச் சிலவேளை உறுதியாக நிற்பதைக் கண்டிருக்கிறோம் அல்லவா?

மூன்றாம் நிலம் முள். இதில்தான் நாம் சற்று நிற்க வேண்டும்.

நம் சீமையில் முள் என்றால் சீமைக் கருவேலம். அன்னிய தேசத்து மரம். 19-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் வந்தது. விறகுப் பஞ்சத்துக்கு நல்லதென்று பிற்பாடு எங்கும் பரவவிட்டார்கள். இன்று கண்மாய்க்குள் அது, ஓடைக்குள் அது, தரிசு விழுந்த புஞ்சைக்குள் அது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் ஊர் ஊராக வெட்டிய காட்சியை மறந்திருக்கமாட்டீர்கள். வெட்டினார்கள், மறுபடியும் தழைத்தது. வேரோடு பிடுங்காமல் வெட்டினால் அது ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும்.

ஆனால் அந்த முள் நமக்குச் சும்மா கிடக்கவில்லை. மூட்டம் போட்டுக் கரி ஆக்கினால் காசு. விறகாக வெட்டினால் காசு. மழை பொய்த்த வருஷத்தில் பல குடும்பங்களுக்கு அடுப்பெரிந்தது அதனால்தான். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. சொல்ல வந்தது வேறு. ஆண்டவர் முட்செடிக்குச் சொன்ன பொருள் என்ன? உலகக் கவலையும் செல்வத்தின் மயக்கமும் என்றார். அதாவது, காசு கொடுக்கிற முள். காசு கொடுக்காத முள்ளை எவனும் ஒரே நாளில் பிடுங்கி எறிந்துவிடுவான். காசு கொடுக்கிற முள்ளைப் பிடுங்கக் கை வருவதில்லை. ஞாயிறு பூசைக்குத் தடையாக நிற்கும் கூடுதல் சம்பளம், பிள்ளையின் செபநேரத்தைத் தின்னும் ஓயாத தனிப்பாடம், எடையில் கொஞ்சம் விரல் வைக்கும் பழக்கம், கையிலிருக்கும் தொலைபேசிக்குள் காசு வைத்து ஆடும் சூதாட்டம்: இவையெல்லாம் ஏதோ ஒரு பக்கம் காசையாவது, காசு வரும் என்னும் ஆசையையாவது காட்டுகின்றன. அதனால்தான் வேரோடு நிற்கின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடலாம். நால்வகை நிலத்தை நால்வகை மனிதராகப் பங்கிட்டு, "நல்ல நிலம் நாம், வழியோரம் அடுத்த தெருக்காரர்" என்று முடித்துவிடுவது வழக்கம். கரிசல்காரன் அப்படி முடிக்கமாட்டான். ஒரே கரிசல் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்து, கால் விழும் அளவுக்குப் பிளந்து, கல்லாகக் கிடக்கிறது, ஐப்பசியில் வெண்ணெயாகிறது, மார்கழியில் பயிரைத் தாங்குகிறது, ஒரு வருஷம் சும்மா விட்டால் முள்ளாகிறது. மண் ஒன்றே. நம் இருதயமும் அப்படியே. சென்ற வருஷம் நல்ல நிலமாயிருந்தோம் என்பது இந்த வருஷத்துக்குச் சாட்சியாகாது; சென்ற வருஷம் கல்லாய்க் கிடந்தோம் என்பது இந்த வருஷத்துக்குத் தடையுமாகாது.

இனி கூலியாட்கள் உவமை. அர்ச். மத்தேயு, 20-ம் அதிகாரம்.

இந்த உவமையை ஞானோபதேச வகுப்பில் சொன்னபோது ஒரு சிறுமி எழுந்து நின்றாள். அவள் தாய் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். "சார், எங்கம்மாவுக்கு எத்தனை அடுக்கினாங்களோ அத்தனைக்குத்தான் காசு. சாயங்காலம் வந்தவங்களுக்கும் அதே காசுன்னா எங்கம்மா சண்டை போடுவாங்க சார்" என்றாள். வகுப்பு முழுதும் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. முதன்முதல் இக்கதையைக் கேட்டவர்களும் அப்படித்தான் சண்டைக்கு நின்றிருப்பார்கள். அந்தச் சிறுமி உவமையைச் சரியாகக் கேட்டுவிட்டாள். கோபம் வராமல் இதைக் கேட்கிறவன்தான் சரியாகக் கேட்கவில்லை.

திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரன் விடியற்காலையில் ஒருமுறை, ஒன்பது மணிக்கு ஒருமுறை, நடுப்பகலில், மூன்று மணிக்கு, கடைசியாக ஐந்து மணிக்கு, ஆக ஐந்துமுறை சந்தைவெளிக்குப் போகிறான். காலையில் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்? நம் ஊர் விலக்கில், டீக்கடை வாசலில், வேனுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள், விளங்கிவிடும். திடகாத்திரமான வாலிபனை முதலில் ஏற்றுவார்கள். பிறகு நடுத்தர வயதுக்காரர். கடைசியில் நிற்பது யார்? மூட்டுவலிக்காரக் கிழவர், கைக்குழந்தைக்காரி, "அவன் போன தடவை பாதியில் மயங்கி விழுந்தான்" என்று பெயரெடுத்தவன். ஐந்து மணிவரை ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில், தங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்பது. சோம்பேறி ஐந்து மணிவரை சந்தைவெளியில் நிற்பானா? எப்போதோ வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பான். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாதவன்தான் ஐந்து மணிவரை நிற்பான்.

அக்காலத்தில் ஒரு தெனாரியம் என்பது ஒருநாள் கூலி. ஒரு குடும்பத்தின் ஒருநாள் சாப்பாடு. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் பன்னிரண்டில் ஒரு பங்கு வயிறு எந்தப் பிள்ளைக்கும் இல்லையே! எசமான் வேலையை அளக்கவில்லை, அடுப்பை அளந்தான்.

இதற்குள் மறைந்திருக்கும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காலையில் வந்தவர்களுக்கு முதலில் கூலி கொடுத்து அனுப்பியிருந்தால், அவர்கள் பேசினபடி பணம் கிடைத்ததென்று சந்தோஷமாகப் போயிருப்பார்கள். கடைசியில் வந்தவன் என்ன வாங்கினான் என்றே தெரிந்திராது. எசமானோ வேண்டுமென்றே கடைசி ஆளிலிருந்து தொடங்கச் சொல்கிறான். அவர்கள் பார்க்கவேண்டும் என்பதற்காகவே அது. அவர்கள் கையிலிருந்த தெனாரியம் குறையவில்லை. பக்கத்தான் கையைப் பார்த்ததும் அது கசந்தது. சம்பந்தி வீட்டுக் கலியாணத்தைப் பார்த்தபின் நம் வீட்டுக் கலியாணம் கசப்பதும், தம்பி மகனுக்கு உத்தியோகம் கிடைத்தபின் நம் மகன் பட்டம் கசப்பதும் இதே கசப்புத்தான். கோவிலிலும் உண்டு. "நாங்கள் நாலு தலைமுறை வேதக்காரர், நேற்று ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குச் சப்பரத்தில் முதலிடமா?" என்ற பேச்சை எந்தப் பங்கில் கேட்கவில்லை!

கூலி கொடுக்கிற நிலையில் உள்ளவர்களுக்கு இவ்வுவமை வேறு பக்கத்திலிருந்து பேசுகிறது. நம் பங்கில் பெரிய முதலாளிகள் குறைவு. ஆனால் களையெடுக்க நாலு பெண்களையும், வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணையும், கடைக்கு ஒரு பையனையும் வைத்திருப்பவர் பலர். கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கவேண்டும் என்பது மோயீசன் கட்டளை. ஏழை அதையே நம்பியிருக்கிறான் என்று உபாகமம் 24-ம் அதிகாரம் காரணமும் சொல்கிறது. தேவநீதியைக் கூவியழைக்கும் பாவங்கள் நான்கு என்று பழைய ஞானோபதேசத்தில் படித்தோமே, அவற்றில் ஒன்று வேலையாளின் கூலியை மறுப்பது. 1891-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பானவர் எழுதிய ரேரும் நொவாரும் நிருபத்தில், சிக்கனமாகவும் ஒழுக்கமாகவும் வாழும் தொழிலாளி தன்னைத் தாங்கிக்கொள்ளப் போதாத கூலி நியாயக் கூலியல்ல, அவனே ஒப்புக்கொண்டாலும் அல்ல என்று போதித்தார். "அவளாகத்தானே இந்தச் சம்பளத்துக்குச் சம்மதித்து வந்தாள்" என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் சமாதானம். சமாதானத்துக்குப் பதில் நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. சனிக்கிழமை கூலியைத் திங்களுக்குத் தள்ளுகிறவர்கள் மேற்படி உபாகமத்தைத் திறந்து பார்க்கவும்.

கடைசியாகக் கடன்காரன். அர்ச். மத்தேயு, 18-ம் அதிகாரம். இதை வாசிக்கையில் நம் சீமைக்காரனுக்கு வயிறு கலங்க வேண்டும். ஏனெனில் இங்கே கடன் என்பது உவமை அன்று, நாளாந்தக் கஞ்சி.

ஓர் இராசாவுக்கு ஒரு ஊழியன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். தாலந்து என்பது எவ்வளவு? ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஆக மொத்தம் 6 கோடி தெனாரியம், அதாவது 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் (நமக்கு எங்கே கிடைக்கிறது!), ஒரு காசும் செலவழிக்காமல் கட்டினாலும், கடன் தீர இரண்டு இலட்சம் வருஷம் வேண்டும். இன்றைய நாளில் ஒருநாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,400 கோடி ரூபாய். அந்த ஊழியன் காலில் விழுந்து, பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறேன் என்றானே, அதைக் கேட்டு முதலில் கேட்டவர்கள் சிரித்திருக்கவேண்டும். இராசா சிரிக்கவில்லை. தவணையும் கொடுக்கவில்லை. முழுதையும் விட்டுவிட்டார்.

வெளியே வந்தவன் தன் உடன் ஊழியனைக் கண்டு கழுத்தைப் பிடித்தான். அவன் தரவேண்டியது நூறு தெனாரியம். பிரசங்கங்களில் இதை "அற்பக் கடன்" என்று சொல்லிக் கடந்துவிடுவது உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். நூறு நாள் கூலி. அதே கணக்கில் 40,000 ரூபாய். இதை அற்பம் என்று எந்தக் கூலிக்காரனிடமாவது சொல்லிப் பாருங்கள்! 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றபோது, ஏக்கருக்கு எத்தனை ஆயிரம் மண்ணோடு போயிற்று என்று இன்றும் விரல்விட்டுச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாற்பதாயிரம் ஒரு குடும்பத்தைச் சாய்க்கும்.

ஆண்டவர் இதை வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார் என்று நாம் எண்ணுகிறோம். நமக்குப் பிறர் செய்த தீங்கு ஒன்றுமில்லாத தீங்கு என்று அவர் சொல்லவில்லை. நூறு நாள் வியர்வை அது. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கையில் பொழிக்கல்லை இரண்டு முழம் தள்ளிப் போட்டது மெய்யான தீங்கு. அம்மாவின் நகையை மூத்த மருமகள் காட்டாமல் வைத்துக்கொண்டது மெய்யான தீங்கு. மகளைக் கட்டிக் கொடுத்த இடத்தில் பேசினதற்கு மேல் கேட்டு அழவைத்தது மிகவும் மெய்யான தீங்கு. "மறந்துவிடு, பெரிதுபடுத்தாதே" என்று மேலோட்டமாகச் சொல்கிறவர்கள் அந்த நூறு நாள் கூலியை இழந்தவர்கள் அல்லர். ஆண்டவர் அதைப் பெரிதென்றே ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் மற்றக் கணக்கை வைக்கிறார். 40,000 பெரிது, 2,400 கோடிக்குப் பக்கத்தில் வைத்தால் அதைக் காண்பதற்கே கண் வேண்டும்.

இந்த உவமைக்கு நம் ஊரில் ஞானப் பொருள் மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. கடன் என்றால் கடன்தான். பத்து ரூபாய் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று எத்தனை பெயர்! இதைத் தடுக்கவே 2003-ல் தமிழ்நாட்டில் அதிக வட்டி வசூலிப்பதற்கு எதிரான தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பதினான்கு வருஷம் கழித்து, 2017 அக்டோபரில், நம் அண்டை மாவட்டமான திருநெல்வேலியில், ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே, வட்டிக் கொடுமை தாளாமல் ஒரு குடும்பம், இரண்டு பச்சைக் குழந்தைகள் உட்பட, தீக்கு இரையாயிற்று. உயிரை மாய்த்துக்கொள்வது தகாது என்று நமக்குத் தெரியும். கழுத்தைப் பிடிப்பது தகாது என்பதும் அதே அளவு தெரிந்திருக்க வேண்டும். திருச்சபை இதில் புதிதாகப் பேசவில்லை. 1745-ல், வீரமாமுனிவர் உயிரோடிருந்த காலத்திலேயே, பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பானவர் அநியாய வட்டியைக் கண்டித்து நிருபம் எழுதினார். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை செய்து, சனிக்கிழமை வட்டி நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போகிறவர் நம் பங்கில் ஒருவரும் இல்லையென்று நம்புகிறோம். இருந்தால், அவர் இந்தப் பக்கத்தைக் கிழித்து எறியாமல் இன்னொருமுறை வாசிக்கட்டும்.

உவமையில் பலர் கவனியாமல் விடுகிற ஆட்கள் உண்டு: மற்ற ஊழியர்கள். ஒருவன் ஒருவனைக் கழுத்தைப் பிடிப்பதைக் கண்டு அவர்கள், "நமக்கென்ன வம்பு" என்று ஒதுங்கிப் போகவில்லை. மிகவும் வருத்தப்பட்டார்கள், போய் எசமானிடம் சொன்னார்கள். பங்கு என்பது அந்த மற்ற ஊழியர் கூட்டமே. பக்கத்து வீட்டில் கந்துவட்டிக்காரன் சத்தம் போட்டால், நாம் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொல்லலாமா? முதலில் போய் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். பிறகு நாலு பேர் சேர்ந்து பேசவேண்டும். வேண்டுமானால் காவல் நிலையத்துக்குக் கூடப் போகவேண்டும். அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையார் இருக்கும் பங்குகளில் அவர்களிடம் சொல்லலாம். பெண்களின் சுயஉதவிக் குழுக்களில் நியாய வட்டிக்குப் பணம் புரட்ட வழியுண்டு. செபமாலையை அதன்பின் எல்லாரும் சேர்ந்து அந்தத் திண்ணையிலேயே சொல்லலாம்.

மன்னிப்பதைப் பற்றிக் கேள்வி ஒன்று வரும். "சுவாமி, அவன் இன்னும் பொழிக்கல்லை நகர்த்தி வைக்கவில்லை. நான் மட்டும் எப்படிப் பேசுவது?" நியாயமான கேள்வி. மன்னிப்பது என்றால் அளவையரைக் கூப்பிட்டு அளக்கக்கூடாது என்று அர்த்தமில்லை. நிலம் உங்கள் பிள்ளைகளுக்குரியது. அதை முறைப்படி கேளுங்கள். ஆனால் அளவையர் வரும் நாள்வரை அண்ணன் வீட்டுச் சாவுக்குப் போகாமல் இருப்பது, கிறிஸ்துமஸ் நாளில் அண்ணன் பிள்ளைகளுக்குப் பலகாரம் கொடுக்காமல் விடுவது, மதினி எதிரே வந்தால் சந்தை ரோட்டில் எதிர்ப்பக்கம் மாறுவது: இவை அளவையர் வேலையல்ல. இவை கழுத்தைப் பிடிக்கிற வேலை. பரலோக மந்திரத்தில் நாம் நாள்தோறும் நம் வாயாலேயே ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். பிறருக்கு அளக்கிற படியாலேயே நமக்கும் அளக்கும்படி கேட்கிறோம். பல வீடுகளில் அந்தச் செபத்தை மிகவும் வேகமாகச் சொல்வது இதனால்தானோ என்னவோ!

மற்ற உவமைகளுக்கு இவ்வாரம் இடம் போதாது. புளித்த மாவைப் பற்றிப் பெண்களே நன்றாகச் சொல்வார்கள்: உறைமோர் ஒரு கரண்டி போதும், ஆனால் அது நேற்றையதாயிருந்தால் போதாது, நல்லதாயிருக்க வேண்டும் என்பார்கள். காணாமற்போன காசைத் தேடி விளக்கேற்றி வீட்டைப் பெருக்கினவளைப் பற்றியும் அவர்களே அறிவார்கள். ஜன்னலில்லாத பழைய மண்வீட்டில் நாணயம் விழுந்தால் பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வனைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: அவன் பேச்சு முழுவதும் தன்னோடேயே பேசுகிற பேச்சு, மனைவி, மக்கள், அயலார் ஒருவரும் அதில் இல்லை. லூக்காஸ் 12-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள்.

குடும்பத்துக்கு ஒரு வேலை. இந்த வாரம் ஏதாவது ஓர் இரவு சாப்பாட்டுக்குப் பின், தொலைக்காட்சியைச் சற்றே அணைத்துவிட்டு, மத்தேயு 18-ம் அதிகாரம் 21-ம் வசனத்திலிருந்து கடைசி வரை வீட்டில் ஒருவர் வாசிக்கட்டும். எழுத்தறியாத பாட்டிமார் இருந்தால் அவர்களுக்குக் கேட்கும்படி உரக்க வாசிக்கவும். வாசித்தபின் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லத் தொடங்க வேண்டாம். பிள்ளைகள் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "அப்பா, நாம் யாரோடு பேசுவதில்லை?" பதில் சொல்ல எவ்வளவு நேரமானாலும் பிள்ளைகள் பொறுத்திருக்கட்டும்.

ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள், தங்கள் தெருவில் அல்லது காட்டில் ஆண்டவர் வந்து நின்றிருந்தால் எதை வைத்து உவமை சொல்லியிருப்பார் என்று யோசித்து, தலைக்கு ஒன்று எழுதி, வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கொண்டுவர வேண்டியது. கடலைமிட்டாய் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். வேறு பொருள் தேடவும்.